கடலை அளப்போரின் கடன்

மாளிகாவத்தைத் தொடர்மாடிகளின் கீழே காலை ஏழு மணியளவில் மீன்காரரின் சைக்கிள் வந்து நிற்கும். பின்னால் கட்டிய பெட்டியில், விடியுமுன் பேலியகொடைச் சந்தையில் வாங்கிய சாளையும் சூரையும் இருக்கும். மாடியிலிருந்து இறங்கிவரும் மூதாட்டி விலையைக் கேட்குமுன் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். தோலின் பளபளப்பு அவருக்குப் போதாது. “இது பழசு நானா” என்கிறார். “ஐஸில கெடந்த மீன் உம்மா, பழசில்ல” என்கிறார் மீன்காரர். இருவருக்கும் நடுவே சாட்சியாக நிற்பது செவுளின் சிவப்பு ஒன்றே.

இந்நாட்டு மக்கள் உண்ணும் விலங்குப் புரதத்தில் பாதிக்கு மேல் மீனிலிருந்தே கிடைக்கிறது. எனவே, கடலில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. அம்மூதாட்டியின் அடுப்புக்கும் உரியது. ஆயினும் கடலை அளப்பவர் வேறு, கடலால் வாழ்பவர் வேறு என்ற நிலையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. அளப்பவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? ஓர் அளவை எப்போது உண்மையாகிறது, எப்போது நேர்மையாகிறது? இவ்விரண்டும் ஒன்றுதானா? கடல்நீரிலுள்ள பச்சையத்தை அளக்கும் தொழிலை முன்வைத்து இக்கேள்விகளை ஆராய விரும்புகிறோம்.

நிலத்தில் புல் இல்லாமல் மாடு இல்லை. கடலிலும் அதே நியதிதான். ஆனால் ஆழ்கடலின் புல் கண்ணுக்குத் தெரியாதது. ஒற்றைக் கலத்தாலான கோடானுகோடி மிதக்கும் நுண்தாவரங்கள் கதிரவன் ஒளியை உண்டு உணவாக்குகின்றன. அவற்றை நுண்விலங்குகள் தின்கின்றன. நுண்விலங்குகளைச் சிறுமீன் தின்கிறது. சிறுமீனைச் சூரை தின்கிறது. சூரை மாளிகாவத்தைக்கு வருகிறது. உலகில் ஆண்டுதோறும் ஒளியால் ஆக்கப்படும் உயிர்ப்பொருளில் ஏறத்தாழப் பாதி இந்த நுண்தாவரங்களின் உழைப்பே. ஆயினும் ஒரு வேளையில் அவற்றை எல்லாம் திரட்டி நிறுத்தால், உலகத் தாவரங்களின் மொத்த நிறையில் நூற்றில் ஒரு பங்கு கூடத் தேறாது. உலகின் பாதிச் சோற்றைச் சமைப்பவர்கள் கணக்கேட்டில் இடம்பெறாத அளவுக்குச் சிறியவர்களாக இருக்கிறார்கள். இந்நிலை நமக்குப் புதிதன்று.

இவற்றை ஒவ்வொன்றாக எண்ணுதல் இயலாத காரியம். ஆகவே இவை அனைத்துக்கும் பொதுவான பச்சையத்தை அளந்து, அதைக்கொண்டு உயிரின் அளவை மதிப்பிடுகிறார்கள். கப்பலிலிருந்து போத்தல்களை வெவ்வேறு ஆழங்களுக்கு இறக்கி நீர் முகக்கிறார்கள். ஒரு லீற்றர், இரண்டு லீற்றர் நீரைக் கண்ணாடி இழையாலான வடிதாளில் வடிக்கிறார்கள். தாளில் தங்கியதை இருட்டிலும் குளிரிலும் காத்து, பின்னர் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அசற்றோன் கலந்த நீரில் ஊறவைக்கிறார்கள். தாளிலிருந்த நிறம் நீர்மத்தில் இறங்கும். அதன்மீது நீல ஒளியைப் பாய்ச்சினால் பச்சையம் சிவப்பாக ஒளிரும். அவ்வொளிர்வின் வலிமையே அளவு. தெளிந்த ஆழ்கடலில் ஒரு கனமீற்றர் நீரில், அதாவது ஆயிரம் லீற்றரில், ஒரு மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பச்சையம் இருக்கலாம். அடிநீர் மேலெழும் வளமான இடங்களில் அது பன்மடங்காகும்.

இம்முறையின் நுட்பம் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. நீரில் இருப்பது உயிருள்ள பச்சையம் மட்டுமன்று. தின்னப்பட்டுக் கழிவானவை, செத்து மிதப்பவை ஆகியவற்றின் சிதைந்த நிறமும் அதில் கலந்திருக்கும். அதுவும் சிவப்பாகவே ஒளிரும். கருவிக்கு உயிரும் பிணமும் ஒன்றே. 1960களின் நடுவில் இதற்கு ஒரு வழி நடைமுறைக்கு வந்தது. முதலில் ஒளிர்வை அளந்துவிட்டு, அதே நீர்மத்தில் ஐதரோக்குளோரிக்கமிலம் சில துளிகள் விடுகிறார்கள். உயிருள்ள பச்சையத்தின் நடுவே இருக்கும் மகனீசியத்தை அமிலம் பிடுங்கிவிடுகிறது, ஒளிர்வு சரிகிறது. ஏற்கெனவே சிதைந்திருந்தது இழப்பதற்கு ஒன்றுமில்லாததால் அப்படியே நிற்கிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டு உயிரையும் உயிரற்றதையும் பிரித்துக் கணக்கிடுகிறார்கள்.

மூதாட்டி செவுளைத் தூக்கிப் பார்ப்பதும் இதே சோதனைதான். தோற்றத்தை நம்பாமல், ஒன்றைக் கடினமாகச் சோதித்த பின்னரே அதை ஏற்பது. இதை நாம் அளவையின் முதல் அறம் என்போம். ஒரு சமூகத்தின் செழிப்பைக் கணக்கிடுவோர் இந்த அமிலத் துளியை விடுகிறார்களா? மொத்த உற்பத்தி இவ்வளவு, தலைக்கு வருமானம் இவ்வளவு என்று அறிக்கைகள் ஒளிர்கின்றன. அவ்வொளியில் எவ்வளவு உயிருள்ள உழைப்பின் பயன், எவ்வளவு கைமாறிய கடனின் பிரதிபலிப்பு என்று பிரித்துக் காட்டாத கணக்கு, கடலியலாளர் கண்ணில் பாதி செய்த வேலையே. அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதக் கூசுவார். நாட்டின் ஏட்டில் எழுதுவோர் கூசுவதில்லை.

இரண்டாவது அறம் வலையின் கண்ணைப் பற்றியது. 1889இல் ஜெர்மனியின் ஹென்சன் தலைமையில் சென்ற குழு, மாவு சலிக்கும் பட்டுத்துணியால் வலை செய்து அத்திலாந்திக் சமுத்திரத்தின் மிதவை உயிர்களை எண்ணியது. வலையில் அகப்பட்டவையே கடலில் உள்ளவை என்று கருதப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோமன் என்பவர், கடலில் வாழும் ஒரு சிறு பிராணி தன் உணவை வடித்தெடுக்கக் கட்டும் நுண்ணிய வடிகூட்டை ஆராய்ந்தார். பட்டுவலையில் அகப்படாமல் நழுவிய மிக நுண்ணிய உயிர்கள் அதில் நிறைந்திருக்கக் கண்டார். அதன்பின் வடிதாள்கள் வந்தன. அவற்றிலும் துளை சற்றுப் பெரிதானால் நழுவுபவை இருந்தன. 1988இல் சிஷோம், ஒல்சன் முதலிய அமெரிக்க விஞ்ஞானிகள் ஓர் உயிரை உலகுக்கு அறிவித்தனர். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கும் சிறியது. சற்றே மாறுபட்ட வடிவில் பச்சையத்தைக் கொண்டது. வெப்பக் கடல்கள் எங்கும் நிறைந்த புறோக்குளோரோகொக்கசு என்னும் இதுவே, ஒளியால் உணவாக்கும் உயிர்களில் உலகிலேயே எண்ணிக்கை மிகுந்தது. நூறாண்டு காலம் கடலை அளந்தவர்கள், கடலில் மிகப் பெரும்பான்மையினர் யாரென்று அறியாமலே அளந்தார்கள்.

அவர்கள் பொய்யர்களல்லர். தம் வலைக்கு அகப்பட்டதை நேர்மையாகவே எண்ணினார்கள். ஆனால் வலையைத் தெரிந்தெடுத்தபோதே யார் எண்ணப்படுவார், யார் விடுபடுவார் என்பதும் தீர்ந்துவிட்டது. எனவே, எண்ணியதைச் சொல்பவர் எந்தக் கண்ணால் சலித்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். நிலையான முகவரி உள்ளவரை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பில், ஒரு வீட்டுக்குள் மூன்று குடும்பமாக ஒடுங்கியிருப்போர் எங்கே போவார்கள்? மாளிகாவத்தையில் வாழ்வோர் இக்கேள்வியின் பொருளை விளக்கமின்றியே அறிவர்.

மூன்றாவதாக, எண் கூடுவதெல்லாம் வாழ்வு கூடுவதன்று. வெப்பக் கடல்களில் ஐம்பது முதல் நூறு மீற்றர் வரையிலான ஆழத்தில் பச்சையம் மிகுந்த ஓர் அடுக்கு காணப்படுவதுண்டு. அங்கே தாவரங்கள் மிகுதி என்றே முதற்பார்வையில் தோன்றும். சில இடங்களில் அது மெய்யும் ஆகலாம். ஆனால் பல இடங்களில் நடப்பது வேறு: அரையிருளில் வாழும் கலம், கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் விடாமல் பிடிக்கும் பொருட்டுத் தன்னுள் பச்சையத்தைப் பெருக்கிக் கொள்கிறது. அங்கே அளவு கூடுவது செழிப்பினால் அன்று, இருளினால். ஒரு தாய் பகலில் தையலும் இரவில் இடியப்பமும் என்று இரட்டை வேலை செய்தால், கணக்கேட்டில் அவள் வருமானம் உயர்ந்ததாகத்தான் தெரியும். ஏன் உயர்ந்தது என்று கணக்கேடு கேட்பதில்லை.

வெளுத்ததெல்லாம் பாலல்ல, பச்சையானதெல்லாம் வளமுமல்ல. இதற்குச் சான்று தேடி ஆழ்கடலுக்குப் போகவேண்டியதில்லை. கொழும்பின் நடுவே கிடக்கும் பேரை வாவி பச்சைப் பசேலென்று இருக்கிறது. வாவியையும் மாளிகாவத்தைப் பக்கத்துச் செபஸ்தியன் கால்வாயையும் அறிந்தவர்க்கு அப்பச்சையின் மணமும் தெரியும். நகரின் கழிவால் கொழுத்த நீலப்பச்சைப் பாசி அது. ஆழ்கடலை விடப் பன்மடங்கு பச்சையம் அங்கே உண்டு. எண்ணை மட்டும் பார்ப்பவர் அதை நாட்டின் மிகச் செழித்த நீர் என்று எழுதிவிடவும் கூடும்.

இனி, உயரத்திலிருந்து பார்ப்போரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1978இல் விண்ணில் ஏறிய அமெரிக்கச் செய்மதியொன்றில் கடலின் நிறத்தைக் காணும் கருவி முதன்முதல் பொருத்தப்பட்டது; அது 1986 வரை உழைத்தது. 1997இல் அதனினும் சிறந்த கருவி சென்றது. 1999 மே 26ஆம் நாள் இந்தியாவின் ஓசன்சாற் செய்மதி ஏவப்பட்டது. நீல நீர் பச்சையம் குறைந்தது, பச்சை கலந்த நீர் பச்சையம் மிகுந்தது என்ற எளிய உண்மையே இக்கருவிகளின் அடிப்படை. மாதக்கணக்கில் கப்பல் ஓடியும் அறியமுடியாததைச் செய்மதி சில நாளில் காட்டிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கையின் தென்கரையோரம் அடிநீர் மேலெழுந்து கடல் பச்சையாவதையும், அப்பச்சை பருவ நீரோட்டத்தால் கிழக்கே வங்கக் கடலுக்குள் கொண்டுசெல்லப்படுவதையும் பெங்களூர் விஞ்ஞானி வினயச்சந்திரனும் அவருடன் உழைத்தவர்களும் செய்மதிப் படங்களின் துணையோடு விளக்கினர். நம் தீவைச் சுற்றி இப்படியொரு வயல் ஆண்டுதோறும் விளைகிறது என்பது மகிழத்தக்க அறிவு.

ஆயினும் செய்மதி பெறும் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு கடலிலிருந்து வருவதே அன்று. இடையிலுள்ள காற்று மண்டலத்திலிருந்து வருவது. அதைக் கழித்தபின் எஞ்சுவதைக் கொண்டே கணக்கிட வேண்டும். கடலின் மேலடுக்கை மட்டுமே அது காணும். நாம் சொன்ன ஆழத்து அடுக்கு அதன் பார்வைக்கு எட்டாது. களனி கங்கை கடலில் கலக்கும் இடம் போன்ற கரையோரங்களில் சேற்றையும் இலைச் சாயத்தையும் பச்சையம் என்று எண்ணி ஏமாறும். பருவக்காற்று வீசும் காலத்தில், அதாவது கடல் மிகவும் விளையும் காலத்திலேயே, முகில் மூடி அதன் கண்ணை மறைத்துவிடும். எனவே, யாரோ ஒருவர் ஆடும் தளத்தில் நின்று, உப்புநீர் தெறிக்கப் போத்தலை இறக்கி, செய்மதி சொன்னது மெய்யா என்று பார்த்தே ஆகவேண்டும். மேலிருந்து காண்பவர் நீரில் நிற்பவரைக் கேட்டுத் தம் கணக்கைத் திருத்திக்கொள்வது கடலியலில் நாளாந்த வழக்கம். ஆட்சியிலும் திட்டமிடலிலும் அது இன்னும் வழக்கமாகவில்லை.

இதுவரை சொன்னவை யாவும் அளவையின் உண்மை பற்றியவை. அவ்வளவையும் நிறைவேறினாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: அளந்தது யாருடையது?

1959 முதல் 1965 வரை சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணம் நடந்தது. பல நாடுகளின் நாற்பதளவான கப்பல்கள் நம் சமுத்திரத்தை அளந்தன. அவற்றுள் ஒன்றான அன்ரன் புரூன், முன்பு அமெரிக்க ஜனாதிபதியின் உல்லாசக் கப்பலாக இருந்தது. அதிகாரத்தின் ஓய்வுக்குப் பயன்பட்ட கலம் அறிவின் தேடலுக்குப் பயன்பட்டது நல்ல மாற்றமே. அப்பயணத்தின் விளைவாகவே 1966இல் இந்தியாவின் தேசிய சமுத்திரவியல் நிறுவகம் தோன்றியது. அக்காலத்துப் பச்சைய அளவுகள் 1976இல் ஜெர்மனியில் வரைபட ஏடாக வெளிவந்தன. ஆயினும் அக்கப்பல்களில் மிகப் பல தொலைநாடுகளின் கொடிகளைத் தாங்கியவை. இக்கடலில் வலை வீசியவனின் மொழியில் அவ்வேடு பேசவில்லை.

இலங்கையில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் உயிரின வள ஆய்வு நிறுவனம் உருவானது. மட்டக்குளிக் காக்கைத்தீவில், களனி கங்கை கடலைச் சேரும் இடத்தருகே அது இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் சர்வதேசக் கடற்சட்டமும் ஒரு நியாயத்தை ஏற்றது: கரையிலிருந்து இருநூறு கடல்மைல் எல்லைக்குள் ஆய்வு செய்யக் கரையோர நாட்டின் இசைவு வேண்டும், ஆய்வில் பங்கும் முடிவுகளும் அந்நாட்டுக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் சட்டம் ஒன்று, வல்லரசுகளின் இழுபறி வேறொன்று. 2023 ஒக்ரோபரில் சீனாவின் ஷி யான் 6 என்ற ஆய்வுக் கப்பல் கொழும்புக்கு வந்தது. இந்தியா ஐயுற்றது, அமெரிக்கா கவலை தெரிவித்தது. 2024 முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இடமில்லை என்று இலங்கை அறிவித்தது. கடல்நீர் முகக்கும் போத்தல் நீர்மூழ்கிக்கு வழிகாட்டும் என்ற அச்சம் அடிப்படையற்றதன்று. கடலின் வெப்பமும் உப்பும் படைகளுக்கும் வேண்டியவையே. ஆனால் இச்சதுரங்கத்தில் நம் கடலைப் பற்றிய நம் அறிவு ஓராண்டு பின்தள்ளப்பட்டதை எண்ணி வருந்தியவர் எத்தனை பேர்?

மறுபுறத்தில், அறிவு உழைப்பவன் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் நிலையம், கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செய்மதியால் கண்டு, மீன் கூடக்கூடிய இடங்களைத் தமிழ் உட்பட்ட மொழிகளில் மீனவர்க்கு அறிவிக்கிறது. தேடி அலையும் நேரமும் எரிபொருளும் மிஞ்சுகின்றன. ஆழ்கடல் அளவையிலிருந்து ஒரு தொழிலாளியின் பைக்கு நேரே வந்த பயன் இது.

ஆனால் இங்கேயும் நாம் கண்மூடிப் புகழ இயலாது. மீன் இருக்கும் இடத்தைச் சொல்லும் செய்தி, கட்டுமரத்துக்கும் இழுவைப்படகுக்கும் ஒரே சொல்லாகவே போகிறது. வலிமையுள்ளவனே முதலில் போய்ச் சேருகிறான். பாக்கு நீரிணையில் இழுவைமடி கடலடியைச் சுரண்டுகிறது. 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடைசெய்தது. கடலில் பூசல் ஓயவில்லை. ஒரே மொழி பேசும் இரு கரை உழைப்பாளர் ஒருவர் வலையை ஒருவர் அறுக்கின்றனர். படகின் முதலாளி கரையில் இருக்கிறான். எங்கே மீன் உண்டு என்பதை மட்டும் சொல்லி, எவ்வளவு எடுக்கலாம், யார் எடுக்கலாம் என்பதைச் சொல்லாத அறிவு அரைகுறை அறிவாகும்.

இவ்விடத்தில் இருவகை மறுப்புகள் எழும். ‘எண்ணுக்கு அறம் ஏது? நாங்கள் அளந்து தருகிறோம். அதைப் பயன்படுத்துவோர் பொறுப்பு அவர்களுடையது’ என்பர் ஒரு சாரார். வலையின் கண்ணைத் தெரிந்தெடுத்தது யார், அமிலம் விடாமல் விட்டது யார், ஏட்டை எம்மொழியில் எழுதுவதென்று தீர்மானித்தது யார் என்று அவரைக் கேட்போம். எண் பிறக்குமுன்பே இத்தனை தீர்மானங்கள் பிறந்துவிடுகின்றன. தீர்மானம் உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு.

‘கடல் தாய், தாயை அளப்பதா? நம் முன்னோர் அளந்தா மீன் பிடித்தனர்?’ என்பர் மற்றொரு சாரார். இதில் கவிதை உண்டு, காப்பு இல்லை. நம் முன்னோரும் நீரின் நிறத்தையும் பறவையின் வட்டத்தையும் பார்த்தே வலை வீசினர். அதுவும் அளவையே. இன்றோ கடலைக் கெடுப்போர் மிகத் துல்லியமாக அளந்தே கெடுக்கின்றனர். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி ஜூனில் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்திக் மணிகள் கடலிலும் கரையிலும் பரவின. மேல்கரையில் மீன்பிடி தடைப்பட்டது. அஞ்சி மீன் வாங்காதவர் பலர். 2025 ஜூலையில் நம் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகளில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: முன்பு கடல் எப்படி இருந்தது? அதற்கு விடை, அமைதியான நாட்களில் ஆரவாரமின்றி அளந்து எழுதிய ஏடுகளில்தான் இருக்கும். அளவை இல்லாத ஏழையின் கண்ணீருக்கு நீதிமன்றத்தில் எடை இல்லை. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மேற்கு இந்து சமுத்திரத்தில் நுண்தாவரங்கள் அறுபதாண்டுகளில் நூற்றுக்கு இருபது வரை குறைந்திருக்கலாம் என்றது. கடல் சூடாவதே காரணம் என்றும் காட்டியது. அதன் புகையை எழுப்பியவர் பெரும்பாலும் இச்சமுத்திரக் கரையினர் அல்லர். அவர்களிடம் கணக்குக் கேட்க நம் கையில் கணக்கு வேண்டாமா?

எண்ணால் எல்லாம் ஆகிவிடாது என்பதையும் மறக்கலாகாது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. சிறுபடகுகள் கரையில் கிடந்தன. அந்நாட்களில் மாளிகாவத்தைச் சட்டியில் மீன் அரிதானதற்குக் கடலின் பச்சையம் காரணமன்று. எந்தப் போத்தலும் முகந்தெடுக்க முடியாத காரணங்கள் கரையில் உண்டு. அவற்றையும் அளக்கக் கற்றுக்கொள்வது நம் கடன்.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. ஆண்டு தவறாது நம் கடல் அளக்கப்படட்டும். அதற்கு வேண்டிய கப்பலும் பொருளும் பொதுப்பணத்திலிருந்து வரட்டும். அளந்தது சிங்களத்திலும் தமிழிலும் வெளிவரட்டும். எந்த வலையால், எந்த ஆழத்தில், எதை விட்டுவிட்டு அளந்தோம் என்பதும் அதிலேயே எழுதப்படட்டும். மட்டக்குளியில் அளக்கப்படுவது மாளிகாவத்தைப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர மூன்று நான்கு மைல் தூரந்தான். அத்தூரத்தை அது இன்னும் கடக்கவில்லை.

அம்மூதாட்டி தமக்குத் தெரிந்த சோதனையைச் செய்துவிட்டார். விலை பேசி மூன்று சாளையை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். அவருடைய பேரப்பிள்ளைக்கு அமிலத் துளியின் சோதனையும் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கும் கடன், கடலை அளப்போருக்கும் அவர்களைப் பற்றி எழுதும் நமக்கும் உண்டு.